வார்டு பணி அறிக்கை தயாரிப்பது எப்படி? நகர்மன்ற உறுப்பினர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி வார்டு உறுப்பினராக இருப்பவர், அல்லது அவருக்காக எழுத்து வேலை பார்ப்பவர், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வார்டு மக்களுக்குக் கொடுக்கும் பணி அறிக்கையைத் தயாரிக்கும் முறை இது. நான்கு பக்கம் போதும். வேலை தொடங்கியதிலிருந்து கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும் வரை மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

புதிதாகச் செய்பவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். போனில் இருக்கும் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு அதிலிருந்து எழுதத் தொடங்குகிறார்கள். படம் எடுத்த வேலை மட்டும் அறிக்கைக்கு வருகிறது. பாதியில் நிற்கும் வடிகால், டெண்டர் ஆகாத தெரு, பதிலே வராத மனு எல்லாம் காணாமல் போகின்றன. படிப்பவர் தேடுவதோ அவற்றைத்தான். அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் மனுப் பதிவேடு, பிறகு அலுவலகக் கோப்பு, பிறகு தெருவில் நேரில் சரிபார்ப்பு, அதன் பிறகு எழுத்து. படம் கடைசி.

1. கையில் இருக்க வேண்டியவை

மனுப் பதிவேடு. நீளமான கணக்கு நோட்டு ஒன்று போதும். வரிசை எண், தேதி, தெரு, பிரச்சினை, யாரிடம் கொடுத்தோம், கொடுத்த தேதி, இன்றைய நிலை என ஏழு கட்டங்கள். வாட்ஸ்அப்பில் வருவதும், டீக்கடையில் நிறுத்திச் சொல்வதும் இதில் ஏற வேண்டும். எழுதாத புகார் அறிக்கைக்கு வராது. வராவிட்டால் சொன்னவர் மறக்கவும் மாட்டார்.

பதிவேடே இல்லாமல் முதல் அறிக்கையைத் தயாரிக்கிறீர்கள் என்றால், கடந்த மூன்று மாத வாட்ஸ்அப் செய்திகளையும் அலுவலகத்தில் கொடுத்த கடித நகல்களையும் வைத்து அதைத் திரும்பக் கட்டுங்கள். நான்கைந்து மாலை பிடிக்கும். இதைத் தாண்டிப் போகக் குறுக்குவழி இல்லை.

மன்றக் கூட்டத் தீர்மானங்களின் நகல். உங்கள் வார்டு சம்பந்தப்பட்ட பொருள்களை அஜெண்டாவில் குறித்து வைத்து, தீர்மான எண்ணும் தேதியும் எழுதிக்கொள்ளுங்கள். எண் இருந்தால் யார் வேண்டுமானாலும் அலுவலகத்தில் போய்க் கேட்கலாம்.

பொறியியல் பிரிவின் பணிப் பட்டியல். உதவிப் பொறியாளரிடம் (ஏ.இ.) வார்டு வாரியாகக் கேளுங்கள். வாய்மொழியாக வாங்காதீர்கள், ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு வாங்குங்கள். பிறகு நிலவரம் மாறினால், நீங்கள் எழுதியது எந்தத் தேதி நிலவரம் என்பதற்கு அதுவே சாட்சி.

தெருப்பட்டியல். சொத்துவரிப் பதிவேட்டில் உள்ள பெயர்களை அப்படியே எடுங்கள். மக்கள் பேச்சில் வழங்கும் பெயர் வேறாக இருந்தால் இரண்டையும் போடுங்கள். ஒரு நகரில் பெரிய தெரு, கிழக்குத் தெரு, 2வது குறுக்குத் தெரு எல்லாம் நான்கைந்து இருக்கும். பகுதிப் பெயர் சேர்க்காமல் "2வது குறுக்குத் தெரு" என்று மட்டும் அச்சடித்தால் மூன்று தெருக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

போன அறிக்கை. அதில் "விரைவில்" என்று எழுதிய ஒவ்வொரு வரியையும் சிவப்பு மையில் அடிக்கோடிடுங்கள். புது அறிக்கையின் முதல் பாக்கி அதுதான்.

2. காலக்கெடுவை முதலில் கட்டுங்கள்

எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதை முதல் நாளே முடிவு செய்து முதல் பக்கத்தில் அச்சடியுங்கள். தேதி இல்லாத அறிக்கை இரண்டு மாதம் கழித்து யார் கையிலாவது கிடைக்கும்போது, பழைய நிலவரத்தை இன்றைய நிலவரமாக எடுத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள்.

சொத்துவரி அரையாண்டுகள் ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குகின்றன. அந்தந்த முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 31 தேதிகளுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு, உச்சவரம்பு ₹5,000. ஆகவே மார்ச்சிலும் செப்டம்பரிலும் முடியும் காலாண்டு அறிக்கைகள் அடுத்த மாத முதல் வாரத்துக்குள் வீட்டுக்குப் போக வேண்டும். பணம் மிச்சமாகும் ஒரு வரி உள்ளே இருந்தால் தாளை யாரும் உடனே கசக்கிப் போடுவதில்லை.

பகுதி சபைக் கூட்டம் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம்) அறிவிக்கப்பட்டிருந்தால், அதற்கு ஒரு வாரம் முன்பே விநியோகம் முடியும்படி பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். அறிக்கையைப் படித்துவிட்டு வருபவர் "எங்கள் தெருவுக்கு என்ன செய்தீர்கள்?" என்று பொதுவாகக் கேட்கமாட்டார், "7வது வரியில் இருக்கும் வடிகால் ஏன் டெண்டரிலேயே நிற்கிறது?" என்று கேட்பார். கூட்டம் அரை மணி நேரம் சுருங்கும்.

தேர்தல் தேதி அறிவித்து நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது அச்சடிக்காதீர்கள். அச்சடித்து வைத்திருந்தாலும் விநியோகிக்காதீர்கள். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் நேரமும் இதில் சேரும். நோக்கம் நல்லதாக இருந்தாலும் அது பிரசாரத் துண்டறிக்கையாகவே பார்க்கப்படும்.

3. ஒவ்வொரு பிரச்சினையும் யாருடையது என்று பிரியுங்கள்

பதிவேட்டில் உள்ள புகார்களில் கணிசமானவை நகராட்சியின் கையில் இருக்காது. இதைப் பிரிக்காமல் எழுதினால், உங்களால் செய்ய முடியாததற்கும் நீங்களே பொறுப்பாளி ஆகிறீர்கள்.

பிரித்துப் பார்க்க வேண்டிய முக்கியமான இடங்கள் இவை. நகருக்குள் ஓடும் பெரிய சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதா, தேசிய நெடுஞ்சாலையா, நகராட்சியுடையதா என்பதை ஏ.இ.யிடம் உறுதி செய்யுங்கள். தெருவிளக்கில் பல்பும் பொருத்தியும் நகராட்சி. கம்பமும் கம்பியும் பெரும்பாலும் மின்வாரியம். சாய்ந்த கம்பத்தை நகராட்சியில் சொல்லிப் பயனில்லை. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தில், 94987 94987 என்ற எண்ணில் பதிய வேண்டும். ஏரி, கால்வாய் பெரும்பாலும் நீர்வளத் துறை; தெருவோர மழைநீர் வடிகால் நகராட்சி. பட்டா வட்டாட்சியர் அலுவலகம். பேருந்து நிற்கவில்லை என்றால் போக்குவரத்துக் கழகம். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பிரதானக் குழாய் உடைந்தால் குடிநீர் வடிகால் வாரியம். ஊருக்குள் பகிர்மானக் குழாய் என்றால் நகராட்சி.

பிற துறைக்குரியது என்று எழுதிவிட்டுக் கை கழுவக் கூடாது. எந்தத் தேதியில் எந்த அலுவலருக்குக் கடிதம் கொடுத்தீர்கள், ஒப்புகை கிடைத்ததா என்பதையும் எழுதுங்கள். முதல்வரின் உதவி மையம் 1100 வழியாகப் பதிந்திருந்தால் மனு எண்ணைப் பதிவேட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் அதை அச்சடிக்க வேண்டாம். அந்த எண் மனுதாரருடையது.

4. "சாங்ஷன் ஆயிடுச்சு" என்ற சொல்லைத் தூக்கி எறியுங்கள்

அறிக்கையின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அதிக நேரம் இங்கே செலவாகட்டும்.

ஒரு சாலை வேலை கோரிக்கையில் தொடங்கி ஒப்பந்ததாரருக்குப் பணம் போய்ச் சேரும் வரை பல கட்டங்களைத் தாண்டுகிறது: கோரிக்கை, கள ஆய்வு, மதிப்பீடு, மன்றத் தீர்மானம், தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி ஆணை, வேலை நடப்பது, வேலை முடிந்து அளவைப் புத்தகத்தில் (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) ஏறுவது, ஒப்பந்ததாரருக்குப் பில் தொகை. நிதி எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து இந்த வரிசை கொஞ்சம் முன்பின் ஆகலாம்.

பேச்சு வழக்கில் இவற்றில் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் "சாங்ஷன் ஆயிடுச்சு" என்றுதான் சொல்கிறோம். கேட்பவருக்கு அது "அடுத்த வாரம் ஜல்லி வந்து இறங்கும்" என்று கேட்கிறது. உண்மையில் மதிப்பீடு மட்டும் தயாராகியிருக்கும். ஆறு மாதம் கழித்து நீங்கள் பொய்யர்.

எனவே ஒவ்வொரு வேலைக்கும் கட்டத்தின் பெயரையும் அந்தக் கட்டத்தை எட்டிய தேதியையும் எழுதுங்கள். அடுத்த கட்டம் என்ன, அது யார் மேசையில் இருக்கிறது என்பதையும் சேருங்கள். "விரைவில்", "நடவடிக்கையில் உள்ளது", "பரிசீலனையில் உள்ளது" ஆகிய மூன்றையும் முழு அறிக்கையிலும் தேடி அழித்துவிடுங்கள்.

மக்களுக்குக் கால அளவு புரிய, ஒரே ஒரு விளக்கக் கட்டம் போட்டால் போதும். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத் தன்மைச் சட்டம் 1998-இன் கீழ் உள்ள விதிகளின்படி, ₹2 கோடி வரையிலான வேலைகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கொடுக்கக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்கு மேல் 30 நாள். விலைப்புள்ளி திறப்பு, ஒப்புதல், ஒப்பந்தம் கையெழுத்து எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த இரண்டு வரியைப் படித்தவர் தீர்மானம் நிறைவேறிய மறுநாள் போன் செய்யமாட்டார்.

சரியான பதிவு ஒன்று இப்படி இருக்கும் (தெருவும் எண்களும் மாதிரிக்கு மட்டும்):

"காந்தி நகர் 3வது குறுக்குத் தெரு, சிமென்ட் சாலை, 140 மீட்டர். மன்றத் தீர்மானம் எண் 212, ஜூன் 28. டெண்டர் திறக்கப்பட்டது ஆகஸ்ட் 11. பணி ஆணை இன்னும் வழங்கப்படவில்லை. ஆணையர் அலுவலகத்தில் உள்ளது. தெருவில் வேலை தொடங்கவில்லை."

தவறான பதிவு: "காந்தி நகர் பகுதி மக்களின் நீண்டநாள் கோரிக்கையை ஏற்று, சிமென்ட் சாலை அமைக்க நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது." இதில் கேள்வி கேட்கக்கூட இடமில்லை.

5. தொகை எழுதும்போது

ஒரே வேலைக்கு மூன்று தொகை உண்டு: மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தத் தொகை, வேலை முடிந்து அளந்த பிறகு உண்மையில் கொடுத்த தொகை. மூன்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஜிஎஸ்டி சேர்த்ததா சேர்க்காததா என்பதிலும் வித்தியாசம் வரும்.

பணி ஆணை வரை ஆன வேலைக்கு ஒப்பந்தத் தொகையை எழுதுங்கள். முடிந்த வேலைக்குக் கொடுத்த தொகை. டெண்டருக்கு முந்தைய வேலைக்கு மட்டும் மதிப்பீட்டுத் தொகை, "மதிப்பீடு" என்ற சொல்லோடு. பெரிதாகத் தெரிய வேண்டும் என்று முடிந்த வேலைக்கும் மதிப்பீட்டையே போடுபவர்கள் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் மனுப் போட்டால் 30 நாளில் உண்மையான தொகை வெளியே வரும். இடையில் உள்ள வித்தியாசம் உங்கள் பைக்குள் போனதாகப் பேச்சு கிளம்பும். அறிக்கையால் கெடுதல் வருவதற்கு இதைவிட எளிய வழி கிடையாது.

நிதி எது என்பதையும் எழுதுங்கள்: நகராட்சி பொதுநிதி, நிதிக்குழு மானியம், மாநில அரசுத் திட்டம், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி. எம்.எல்.ஏ. நிதியில் வந்த நிழற்குடையை உங்கள் கணக்கில் எழுதினால் கல்வெட்டே உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

6. தெருவுக்குப் போய்ப் பாருங்கள்

அலுவலகப் பட்டியலில் "முடிந்தது" என்று இருக்கும் ஒவ்வொரு வேலையையும் நேரில் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். கோப்பில் முடிந்த வேலை தெருவில் முடிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. சாலை போட்டிருப்பார்கள், ஓரங்களில் மண் நிரப்பியிருக்கமாட்டார்கள். வடிகால் கட்டியிருப்பார்கள், மூடி போட்டிருக்கமாட்டார்கள். பேவர் பிளாக் பதித்திருப்பார்கள், மேன்ஹோல் மூடி இரண்டு அங்குலம் கீழே இருக்கும்.

கையில் அளவு நாடா, பட்டியல், பேனா. சாலை நீளத்தைத் தோராயமாக அடிபோட்டுப் பார்த்தாலே போதும்; 140 மீட்டர் என்று எழுதியது 90 மீட்டரில் நின்றால் தெரிந்துவிடும். அப்படி இருந்தால் அறிக்கையில் எழுதுவதற்கு முன் ஏ.இ.யிடம் கேளுங்கள். மதிப்பீடு திருத்தப்பட்டிருக்கலாம்.

தெருவிளக்கை இருட்டிய பிறகுதான் பார்க்க முடியும். இது சொல்ல வேண்டிய விஷயமா என்று தோன்றும். ஆனால் பகலில் போய், புதுப் பல்பு மாட்டியிருப்பதைப் பார்த்து "எரிகிறது" என்று எழுதுவது நடக்கத்தான் செய்கிறது. கம்ப எண்ணைக் குறித்து வாருங்கள். அடுத்த முறை புகார் கொடுக்கும்போது "பிள்ளையார் கோயிலுக்கு எதிர்க் கம்பம்" என்று சொல்லி அலைய வேண்டாம்.

வடிகாலை மழை பெய்த மறுநாள் பாருங்கள். தண்ணீர் ஓடுகிறதா, நிற்கிறதா என்பது அன்றுதான் தெரியும். வாட்டம் தப்பாகக் கட்டிய வடிகால், கட்டி முடித்த கொசுத்தொட்டி.

7. தண்ணீருக்குத் தனி இடம்

வேறெதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள். எந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒரு முறை, எந்த நேரம், எவ்வளவு நேரம் என்பதைத் தெருவாரியாகக் கட்டம் போட்டுக் கொடுங்கள். வால்வு திறப்பவரிடம் கேட்டால் துல்லியமாகக் கிடைக்கும். அலுவலக அட்டவணை பல ஊர்களில் பழையது.

தண்ணீர் ஏன் குறைவு என்று விளக்க, தொட்டிக் கணக்கைக் காட்டலாம். எடுத்துக்காட்டாக, 1 லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து 800 வீடுகளுக்கு விநியோகம். வீட்டுக்கு 4 பேர் என்றால் 3,200 பேர். தினம் ஒரு முறை தொட்டி நிரம்பினால் ஆளுக்குச் சுமார் 31 லிட்டர். இரண்டு முறை நிரம்பினால் 62 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு வடிவமைப்பு அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பதையும் பக்கத்தில் போடுங்கள். மோட்டார் பழுதா, வரத்துக் குறைவா, தொட்டி போதவில்லையா என்று மூன்றையும் பிரித்துப் பேச மக்களுக்கு இது உதவும். குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவதைப் பற்றி எழுத வேண்டிய இடமும் இதுதான். கடைசி வீட்டுக்கு ஏன் வரவில்லை என்பதற்கு அது பெரிய காரணம். வீட்டு எண் போட்டு எழுதிவிடாதீர்கள்.

8. நடக்காதவற்றை இரண்டாம் பக்கத்திலேயே வையுங்கள்

நான்கு பக்கத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் பக்கம் முடிந்த வேலைகளும் தண்ணீர் நேரமும். இரண்டாம் பக்கம் நடப்பவையும் நிற்பவையும். மூன்றாம் பக்கம் பிற துறைகளுக்குக் கொடுத்த கோரிக்கைகள். நான்காம் பக்கம் தொடர்பு எண்கள், வரி அறிவிப்பு, கிழித்துக் கொடுக்கும் மனுச் சீட்டு.

நிற்பவற்றைக் கடைசிப் பக்கத்தின் மூலையில் ஒளித்தால் அதையும் கண்டுபிடித்துவிடுவார்கள், ஒளித்ததற்காகவும் கோபப்படுவார்கள்.

தாமதத்துக்குக் காரணம் எழுதும்போது, காரணமாக இருக்கும் பௌதிக உண்மையை எழுதுங்கள். பாதாளச் சாக்கடைக் குழாய் பதிக்காத தெருவில் சாலை போட்டால் சில மாதத்தில் தோண்ட வேண்டிவரும். அதனால் சாலை காத்திருக்கிறது என்று எழுதினால் ஏற்றுக்கொள்வார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஈரத்தின் மேல் தார் ஒட்டாது, அதனால் தார்ச்சாலை ஜனவரிக்குத் தள்ளப்படுகிறது என்றால் புரிந்துகொள்வார்கள். சிமென்ட் சாலை போட்டு வண்டி விடாமல் வைத்திருப்பது ஏன் என்று திட்டுகிறார்களா? குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விட்டுப் பதப்படுத்தாவிட்டால் மேல்பரப்பு பொடிந்துவிடும் என்று ஒரு வரி போடுங்கள். "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று எழுதினால் எவரும் நம்புவதில்லை.

ஒப்பந்ததாரர் வேலையை விட்டுப் போயிருந்தால் அவர் பெயரைச் சொல்லித் திட்டாதீர்கள். எந்தத் தேதியில் அறிவிப்பு அனுப்பப்பட்டது, மறுடெண்டர் உண்டா இல்லையா என்பதோடு நிறுத்துங்கள்.

மன்றத்தில் நீங்கள் கேட்டு நிராகரிக்கப்பட்டதையும் எழுதலாம். எழுதுபவர்கள் குறைவு. எழுதினால் வார்டு உறுப்பினரின் அதிகாரம் எங்கே முடிகிறது என்பது மக்களுக்குப் புரியும்: தீர்மானத்தில் அவருக்கு ஒரு ஓட்டு, செயல்படுத்துவது ஆணையரின் (பேரூராட்சியில் செயல் அலுவலரின்) கீழுள்ள நிர்வாகம்.

9. படங்களும் பெயர்களும்

முன்பு, பின்பு என இரண்டு படம். இரண்டும் ஒரே இடத்தில் நின்று, ஒரே பக்கம் பார்த்து எடுத்தவை. பின்னணியில் அடையாளம் தெரியும் சுவரோ கம்பமோ இருக்கட்டும். இல்லாவிட்டால் வேறு தெருப் படம் என்பார்கள். தேதியும் இடமும் பதியும் கேமரா செயலியை அலுவலர்களே பயன்படுத்துகிறார்கள், நீங்களும் பயன்படுத்துங்கள்.

உங்கள் படம் முதல் பக்கத்தில் சிறியதாக ஒன்று போதும். பூமிபூஜைப் படம், சால்வைப் படம் வேண்டாம். பூஜை போட்டதற்கும் வேலை நடந்ததற்கும் உள்ள தூரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

உதவித்தொகை பெற்றவர், மனுக் கொடுத்தவர் பெயர்களை அச்சடிக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் மீது கொடுத்த ஆக்கிரமிப்புப் புகார் பெயரோடு வெளியானால் அடுத்து ஒருவரும் உங்களிடம் வரமாட்டார்கள். "முதியோர் ஓய்வூதிய மனுக்கள் 14 அனுப்பப்பட்டன, 9 பேருக்கு ஆணை வந்தது" என்று எண்ணிக்கையாக எழுதுங்கள். ஆதார், குடும்ப அட்டை எண்கள் தெரியும் படங்களைத் தவறியும் சேர்க்காதீர்கள். மனு வழங்கும் படத்தைப் பெரிதாக்கினால் தாளில் உள்ளது படிக்கக் கிடைக்கும்.

10. அச்சுக்குக் கொடுக்கும்போது

ஏ3 தாளை நடுவில் மடித்தால் நான்கு ஏ4 பக்கம் கிடைக்கும். ஸ்டேப்ளர் பின் அடிக்கும் வேலை இல்லை. கறுப்பு வெள்ளை போதும். செலவு பெரும்பாலும் உங்கள் சொந்தப் பணம். நகராட்சி உறுப்பினரின் மாத மதிப்பூதியம் ₹5,000, பேரூராட்சியில் ₹2,500 என்று இருக்கும்போது பளபளத் தாளில் வண்ணத்தில் அடித்தால் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது நியாயம்தான். வேறு யாராவது செலவை ஏற்றிருந்தால் அதைத் தாளிலேயே சொல்லிவிடுங்கள். ஒப்பந்ததாரர் செலவில் மட்டும் அடிக்காதீர்கள்.

எழுத்து 13 புள்ளிக்குக் குறையக் கூடாது. வீட்டில் இதை உட்கார்ந்து முழுதாகப் படிப்பவர் பெரும்பாலும் தாத்தாவும் பாட்டியும்.

போனில் யூனிகோடில் தட்டியதை டிடிபி கடையில் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ஸ்ரீ, ஃ, ₹, கோடு, கொம்பு ஆகியவை உடையும். அதனால் திரையில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். தாளில் மெய்ப்பு எடுத்து, எழுதாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தெருப் பெயர்களையும் தொலைபேசி எண்களையும் மூலத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஒரு எண் தப்பினால் யாரோ ஒரு வீட்டில் இரவெல்லாம் சாக்கடைப் புகார் வந்துகொண்டிருக்கும்.

அரசு முத்திரையையோ நகராட்சிச் சின்னத்தையோ போடாதீர்கள். இது உறுப்பினரின் அறிக்கை, அலுவலக ஆணை இல்லை. கட்சிச் சின்னத்தையும் தவிர்ப்பது நல்லது. மாற்றுக் கட்சிக்கு ஓட்டுப் போட்ட வீட்டிலும் தண்ணீர் நேரம் தெரிய வேண்டும். அச்சகத்தின் பெயர், ஊர், வெளியிடுபவர் பெயர் அடியில் இருக்கட்டும்.

தொடர்பு எண்ணாக உறுப்பினரின் எண்ணையே போடுங்கள். பெண் உறுப்பினரின் அறிக்கையில் கணவரின் எண் மட்டும் இருப்பது இன்னும் பல வார்டுகளில் காணும் காட்சி. தேர்ந்தெடுக்கப்பட்டவர் யாரோ, பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

11. வாட்ஸ்அப்பில் அனுப்புவது

அச்சுப் பிரதியின் பிடிஎஃப்பை அப்படியே அனுப்பினால் போனில் படிக்க முடியாது. ஒரு பக்கத்தின் செய்தியைப் பெரிய எழுத்தில் தனிப் படமாக மாற்றி, நான்கைந்து படங்களாக அனுப்புங்கள். ஒவ்வொரு படத்திலும் வார்டு எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரிந்து பரவும்போது பக்கத்து வார்டுச் செய்தியாக மாறிவிடும்.

ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரைதான். உங்கள் எண்ணைச் சேமித்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். போகாதவர்கள் பற்றி உங்களுக்குத் தகவல் வராது. ஆகவே வாட்ஸ்அப்பில் அனுப்பியாயிற்று என்று தாள் விநியோகத்தைக் குறைக்காதீர்கள். படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு இரண்டு நிமிடக் குரல் பதிவு ஒன்று. முடிந்தது மூன்று, நிற்பது மூன்று, தண்ணீர் நேரம், அவ்வளவே.

12. விநியோகமும் அதற்குப் பிறகும்

ஒருவர் ஒரு மாலையில் நூறு வீடுதான் ஒழுங்காகப் போக முடியும். ஆயிரம் வீட்டு வார்டு என்றால் இரண்டு பேருக்கு ஐந்து மாலை. தெருப்பட்டியலில் முடித்த வீடுகளுக்கு அடையாளம் போடுங்கள். முதலில் வேலை நடக்காத தெருக்களுக்குப் போங்கள். வேலை நடந்த தெருவில் வரவேற்பு நன்றாக இருக்கும் என்று அங்கே தொடங்கினால், நடக்காத தெருக்காரருக்குச் செய்தி வேறு வாயால் போய்ச் சேர்ந்திருக்கும்.

செய்தித்தாளுக்குள் வைத்து அனுப்புவது மலிவு. ஆனால் வாடகை வீடுகளும் குடிசைப் பகுதியும் விடுபடும். குழாயடிப் பிரச்சினை அதிகம் இருப்பது அங்கேதான்.

கொடுக்கும்போது அங்கேயே சொல்லப்படும் புகாரைக் கையோடு வைத்திருக்கும் சிறு நோட்டில் எழுதி, அன்றிரவே பதிவேட்டில் ஏற்றுங்கள். திரும்பி வரும் மனுச் சீட்டுகளுக்கும் வரிசை எண் போட்டு, அந்த எண்ணைக் கொடுத்தவருக்குச் சொல்லுங்கள்.

அச்சான பிறகு தவறு தெரிந்தால் அடுத்த அறிக்கை வரை காத்திருக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் அன்றே திருத்தம் போடுங்கள். அடுத்த அறிக்கையின் முதல் பக்கத்திலும் "சென்ற அறிக்கையில் தவறாக வந்தது" என்று ஒரு வரி. ஒரு பிரதியைப் பகுதி சபைக் கோப்பில் சேருங்கள். இன்னொன்றை எடுத்து, அடிக்கோடிட வேண்டிய வரிகளை இப்போதே சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, பதிவேட்டின் அட்டைக்குள் மடித்து வைத்துவிடுங்கள்.